கரண்ட் வந்துவிட்டது என்று நினைத்தேன்

பெகுவில் இருக்கும் சொந்தங்களுக்கும், ரங்கூனில் எனக்காக அலைந்தவர்களுக்கும் வணக்கம்.

கடையில் நின்றபடி ஆளாளுக்கு அரைகுறையாகச் சொன்னதில், என் கண்ணுக்கு என்ன ஆனது என்று ஊரில் நாலு விதமாகப் பேச்சு. புரை என்கிறார் ஒருவர், சர்க்கரை என்கிறார் இன்னொருவர். இரண்டும் இல்லை. நன்றியையும் நடந்ததையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

தீமிதிக்கு விரதம் இருந்த மூன்றாம் நாள். பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தபோது, மிளகுத்தூளைக் காற்றில் தூவினது போல வலது கண்ணில் கரும்புள்ளிகள். கூடவே ஒட்டடை போல ஒரு நூல். கண்ணைத் திருப்பினால் அதுவும் திரும்பும், நிறுத்தினால் மெல்ல மிதந்து வரும். "பட்டினி கிடந்தா பூச்சி பறக்கத்தான் செய்யும், கொஞ்சம் பால் குடிங்க" என்றாள் வீட்டுக்காரி. நானும் அதைத்தான் நம்பினேன். ஒரு மருந்துக்கடையில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். கண் எரிந்ததுதான் மிச்சம்.

அன்றிரவு வழக்கம்போல மின்சாரம் இல்லை. இருட்டில் வலது ஓரமாகப் பளிச்சென்று ஒரு வெளிச்சம். கரண்ட் வந்துவிட்டது என்று எழுந்துபோய் சுவிட்சைத் தட்டினேன். வரவில்லை. மறுபடி படுத்தேன், மறுபடி பளிச். மூன்றாம் முறை கண்ணை மூடியிருக்கும்போதே மின்னியதும்தான் வயிறு கலங்கியது.

முதல் நன்றி கண்ணாடிக்கடைப் பெண்ணுக்கு. மறுநாள் காலை பவர் கூடிவிட்டதா பார்க்கச் சொல்லித்தான் போனேன். பூச்சி, மின்னல் என்று நான் சொல்லி முடிக்கும் முன்பே, "மாமா, இது கண்ணாடி விஷயமில்லை. இன்னைக்கே ரங்கூன் போங்க" என்றாள். தீமிதி முடியட்டும், நாலு நாள்தானே என்றேன். என்னோடு வாதாடிப் பயனில்லை என்று கண்டு, நேராக வீட்டுக்கே போன் போட்டுவிட்டாள். அந்த நாலு நாளைத்தான் அவள் எனக்கு மிச்சப்படுத்திக் கொடுத்தாள்.

பக்கத்து வீட்டுத் தம்பி மோட்டார் சைக்கிளில் பஸ் ஏற்றிவிட்டதோடு திரும்பவில்லை, கூடவே ஏறிக்கொண்டான். ரங்கூனுக்குள் மோட்டார் சைக்கிள் கூடாது என்பதால் அங்கே டாக்சிக்கும் அவன்தான் பணம் கொடுத்தான். இன்னும் வாங்கிக்கொள்ள மறுக்கிறான்.

டாக்டர் சயாமா (பெண் டாக்டரைப் பர்மியர் மரியாதையாக அப்படித்தான் அழைப்பார்கள்) கண்ணின் பாப்பாவை விரிக்கும் மருந்து ஊற்றி நெடுநேரம் பார்த்தார். அப்புறம் பொறுமையாக விளக்கினார். கண்ணுக்குள் முட்டை வெள்ளைக்கரு போல ஒரு கூழ் இருக்கிறதாம். 4 மில்லி இருக்கும், அதில் 99 சதவீதம் தண்ணீர்தான். வயதாக ஆக அது நீர்த்துச் சுருங்கி, பின்னால் இருக்கும் விழித்திரையை விட்டுப் பிரிகிறது. கூழிலுள்ள நார்களின் நிழல்தான் பூச்சி. பிரியும்போது விழித்திரையைப் பிடித்து இழுக்கிறது. விழித்திரைக்கு வலி தெரியாது, வெளிச்சத்தைச் சொல்லத்தான் தெரியும். அதனால் இழுத்தால் மின்னுகிறது. 50 வயதுக்கு மேல் பலருக்கு வருவதுதான், பெரும்பாலும் கெடுதல் இல்லை. ஆனால் பூச்சியும் மின்னலும் திடீரென்று புதிதாக வருகிறவர்களில் 10 பேரில் ஒருவருக்காவது விழித்திரை கிழிகிறது. நான் அந்த ஒருவன். சின்ன வயதிலிருந்து மைனஸ் 8 கண்ணாடி, நீண்ட கண், மெலிந்த விழித்திரை. மிளகுத்தூளாகத் தெரிந்தது, அறுந்த நுண்குழாயிலிருந்து கசிந்த ரத்தமாம்.

"பக்கத்திலிருந்து திரை இழுத்த மாதிரி இருட்டுதா?" என்று இரண்டு முறை கேட்டார். இல்லை என்றதும்தான் அவர் முகம் தெளிந்தது. கிழிசல் வழியாக நீர் புகுந்தால், சுவரில் ஒட்டிய காகிதம் போல விழித்திரை உரிந்துவிடுமாம். அதற்கு முன் கிழிசலைச் சுற்றி லேசரால் சூடு வைத்து ஒட்டிவிட்டார். பச்சை வெளிச்சம், சுருக் சுருக்கென்று குத்தல், அவ்வளவுதான். 1945 சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்தவரின் கண்ணில் இருந்த தழும்பைக் கண்டுதான், ஒளியாலேயே விழித்திரையை ஒட்டலாம் என்ற யோசனை மேயர்-ஷ்விக்கராத் என்ற ஜெர்மன் டாக்டருக்கு வந்ததாம். இதைச் சொல்லிக்கொண்டே சயாமா வேலையை முடித்துவிட்டார்.

"எனக்கும் மின்னுதே" என்று கேட்டனுப்பிய அக்காவுக்கு: இரண்டு கண்ணிலும் கோணல்மாணலாக மின்னி, இருபது முப்பது நிமிடத்தில் அடங்கி, பிறகு தலை வலித்தால் அது ஒற்றைத்தலைவலிச் சங்கதியாக இருக்கலாம். இருந்தாலும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

பாப்பா விரிந்து நோட்டே தெரியாமல் நான் தடுமாறியபோது, என் பணத்தை எண்ணி மீதியைச் சட்டைப்பையில் வைத்த நர்சம்மா. இரண்டு இரவு தங்கவைத்துச் சோறு போட்ட ரங்கூன் சித்தி குடும்பம். சீட்டு, ரசீது எதுவும் கேட்காமல் பணம் புரட்டித் தந்த கோயில் கமிட்டியார். மூட்டை தூக்கக் கூடாது என்றதும் சொல்லாமலே வந்து இறக்கிக் கொடுத்த வீதிப் பையன்கள், எல்லோருக்கும் நன்றி. என் வேண்டுதலையும் சேர்த்துச் சுமந்து தீ மிதித்த அண்ணாச்சிக்கு என்ன சொல்வது? அடுத்த வருஷம் நான் உங்களுக்காகவும் ஒருமுறை இறங்குகிறேன்.

மின்னல் குறைந்துவிட்டது. வளையமாக ஒரு பூச்சி மட்டும் போகவில்லை. அது அப்படியேதான் இருக்கும், போகப் போகக் கண்ணுக்குப் பழகிவிடும் என்கிறார் சயாமா. இப்போதைக்கு அது கடன் நோட்டில் தொகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு ஒரு சுழியம் கூட்டிக் காட்டுகிறது. பாக்கி வைத்திருப்பவர்கள் சீக்கிரம் வந்து தீர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பருப்புக்கடைக்காரன்,
பெகு