கியோஸ் தீவுக்குப் புறப்படும் மகளுக்கு

அன்பு மகளே,

கிரேக்கத்தில் எந்தத் தீவுக்குப் போகலாம் என்று கேட்டிருந்தாய். பழைய ஊர்களையும் மக்கள் வாழும் முறையையும் பார்க்கத்தான் போகிறாய் என்றால் கியோஸுக்குப் போ. அந்தத் தீவின் கோட்டை, தெரு, சண்டை, செல்வம் எல்லாவற்றுக்கும் பின்னால் மஸ்திகா என்ற ஒரு மரம் நிற்கிறது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் ரூமி மஸ்தகி என்ற பெயரில் விற்பது அதன் பிசின்தான். மத்தியதரைக் கடலோரம் முழுக்க இந்த இனம் வளர்கிறது. ஆனாலும் விற்பனைக்கு ஆகும் அளவுக்குப் பிசின் தருவது கியோஸின் தென்பகுதி மரங்கள்தான்.

அதனால் ஆகஸ்ட் கடைசி வாரத்திலோ செப்டம்பர் தொடக்கத்திலோ போ. அறுவடையைக் கண்ணால் பார்க்கலாம். கோடையில் மரத்தடியைப் பெருக்கிச் சமன் செய்து, சுண்ணாம்புச் சத்துள்ள வெள்ளை மண்ணைச் சலித்துப் பரப்புவார்கள். ஜூலை நடுவிலிருந்து கூரிய சிறு கருவியால் பட்டையில் சில மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கீறுவார்கள். அதைவிட ஆழமாகப் போனால் மரம் நொந்துபோகும். கீறலில் கசியும் பால் சொட்டுச் சொட்டாக வெள்ளை மண்ணில் விழுந்து, இரண்டு மூன்று வாரத்தில் இறுகிவிடும். வெறும் மண்ணில் விழுந்தால் அழுக்கு ஒட்டிக்கொள்ளும் என்பதற்காகத்தான் அந்த வெள்ளை மண். நடுவில் மழை பெய்தால் உழைப்பு வீண். பொறுக்கியதைச் சலித்து, கழுவி உலர்த்தி, குளிர்காலம் முழுக்கப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சிறு கத்தி முனையால் ஒவ்வொரு மணியாகச் சுரண்டிச் சுத்தம் செய்வார்கள். இந்த அறிவை யுனெஸ்கோ 2014இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பிர்கி ஊருக்குப் பக்கத்தில் மஸ்திகா அருங்காட்சியகம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை விடுமுறை, அதைப் பார்த்துத் திட்டம் போடு.

தங்குவதற்குத் தெற்கே உள்ள மெஸ்தா என்ற ஊர் நல்லது. துறைமுக நகரத்திலேயே தங்கினால் தெற்கே போய்வரப் பாதி நாள் போய்விடும். இத்தாலியின் ஜெனோவா நகரத்தார் 1346இலிருந்து 1566 வரை தீவை ஆண்டபோது, விளைச்சலைக் கடற்கொள்ளையரிடமிருந்து காக்க இப்படி ஊர்களைக் கட்டினார்கள். ஓரத்து வீடுகளின் பின்சுவர்களே ஊரின் மதில். வெளிப்பக்கம் பழைய நாளில் கதவோ சன்னலோ கிடையாது. கூரைகள் எல்லாம் தட்டை, ஏறக்குறைய ஒரே உயரம். எதிரி உள்ளே வந்துவிட்டால் மாடி மேலேயே ஓடி நடுக் கோபுரத்துக்குள் போய்விடலாம். தெருவுக்குக் குறுக்கே நிற்கும் வளைவுகளை அண்ணாந்து பார்: நிலநடுக்கத்தில் எதிரெதிர் சுவர்கள் சாயாமல் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ள அவை உதவுகின்றன. ஊருக்குள் கார் போகாது, பெட்டியைக் கல் பாவிய சந்தில் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். முதுகுப் பை எடுத்துப் போ.

பிர்கியில் வீட்டுச் சுவர் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கோலம்போல முக்கோணமும் வட்டமுமாக இருக்கும். கருமணல் கலந்த சாந்தைப் பூசி, அதன்மேல் சுண்ணாம்பு அடித்து, ஈரம் காயுமுன் முள்கரண்டியால் சுரண்டினால் அடியிலிருக்கும் கறுப்பு தெரியும். காய்ந்தபின் சுரண்டினால் பொரிந்து உதிரும், அதனால் பகுதி பகுதியாகத்தான் வேலை நடக்கும். ஒரு சுவரின் கிட்டே நின்று கரண்டி இழுத்த கோடுகளைப் பார். பால்கனிகளில் சின்னத் தக்காளியைச் சரமாகக் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள்.

நேயா மோனி மடத்துக்கு அரை நாள் ஒதுக்கு. 11ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர் ஒன்பதாம் கான்ஸ்டன்டைன் கட்டுவித்தது. உள்ளே பொன் பின்னணியில் மொசைக் படங்கள், சிறு வண்ணத் துண்டுகளைச் சுவரில் பதித்து ஆக்கியவை. கிறிஸ்து ஆதாமின் கையைப் பிடித்துக் கல்லறையிலிருந்து இழுக்கும் காட்சியில், தாடியோடு நிற்கும் பைபிள் அரசர் சாலமோனைக் கவனி. அந்த முகம் பேரரசருடையது என்று சொல்லும் ஆய்வாளர் உண்டு. மதியம் மூடிவிடுவார்கள், காலையிலேயே போய்விடு. தோளும் முழங்காலும் மறைய உடுத்து. வாசலருகே உள்ள சிற்றாலயத்தில் 1822இல் கொல்லப்பட்டவர்களின் மண்டையோடுகளை வைத்திருக்கிறார்கள். உஸ்மானியப் படை அந்த ஆண்டு தீவில் பல்லாயிரம் பேரைக் கொன்றது, பல்லாயிரம் பேரை அடிமைகளாக விற்றது. பிரெஞ்சு ஓவியர் டெலக்ரோவா 1824இல் அதைத்தான் வரைந்தார். அங்கே படம் எடுக்காதே, சற்று நின்றுவிட்டு வா. அதன்பின் மலை உச்சியில் ஆளரவமற்ற அனவாத்தோஸ் ஊரையும் பார்த்துவிடலாம், வழி அதே பக்கம்தான்.

பஸ் குறைவு, கார் எடுத்துக்கொள். இந்திய லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் பர்மிட்டும் கையில் இருக்கட்டும். ஏதென்ஸிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஏதென்ஸுக்குப் பக்கத்துத் துறைமுகமான பிரேயஸிலிருந்து கப்பல் என்றால் ஓர் இரவுப் பயணம். கோடையில் மெல்தேமி என்ற வடகாற்று பலமாக அடித்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள். தீவை விட்டுக் கிளம்பும் நாளுக்கும் வீட்டுக்குத் திரும்பும் விமானத்துக்கும் நடுவில் ஒரு நாளாவது விடு. இதில் மட்டும் பணத்தை மிச்சம் பிடிக்காதே.

எம்போரியோஸ் பக்கம் கருங்கூழாங்கல் கடற்கரை அழகானது, ஆனால் அங்கே கல் எடுத்துவரத் தடை. மஸ்திகா வாங்கி வா. பெரிய மணி மெல்லுவதற்கு, சிறு மணி சமையலுக்கு. அப்படியே இடித்தால் உரலில் ஒட்டிக்கொள்ளும். அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, ஒரு கரண்டி சர்க்கரையோடு இடி. பால் பாயசத்துக்கு இரண்டு மூன்று சிறு மணிகள் போதும், கூடினால் கசக்கும்.

டிக்கெட் எடுத்ததும் தேதியைச் சொல்.

அன்புடன்,
அம்மா