அபு சிம்பெல் மட்டுமா நூபியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் எகிப்துப் பயணக் கட்டுரையில், அணை நீரில் மூழ்காதபடி அபு சிம்பெல் கோயிலை அறுத்தெடுத்து மேட்டில் நிறுத்திய கதை விரிவாக வந்திருந்தது. அந்த நைல் கரையில், எகிப்தின் தெற்கிலும் சூடானின் வடக்கிலும் காலங்காலமாகக் குடியிருந்த நூபியர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தமளிக்கிறது.

அஸ்வான் உயர் அணைக்காக 1963-64இல் எகிப்தில் மட்டும் ஏறத்தாழ 50,000 நூபியர்கள் ஊரைவிட்டு அகற்றப்பட்டார்கள். அஸ்வானுக்கு வடக்கே கோம் ஓம்போ என்னும் ஊரின் பக்கத்துப் பாலைநிலத்தில் அரசு கட்டிய குடியிருப்புகளில் அவர்களை இறக்கினார்கள். சூடானின் வாதி ஹல்ஃபா மக்கள் நைலையே விட்டு, தொலைவிலுள்ள அத்பரா ஆற்றுப் பகுதிக்கு அனுப்பப்பட்டார்கள். பேரீச்சந்தோப்புகளும் முன்னோர் கல்லறைகளும் நீருக்குள் போயின. அதற்கு முன்பே, 1902இல் அஸ்வானில் பழைய அணையைக் கட்டியபோதும் பின்னர் அதை இருமுறை உயர்த்தியபோதும் அவர்களுடைய விளைநிலங்கள் மூழ்கின. ஆண்கள் பிழைப்புக்குக் கெய்ரோ போனார்கள். அங்கே பிள்ளைகள் அரபியில் வளர்ந்தார்கள்.

நூபிய மொழிகளை அரபியின் வட்டார வழக்கு என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. அது தவறு. நொபீன், கென்சி முதலியவை நைல்-சகாரா என்னும் தனி மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பழைய நூபிய மொழி 8 முதல் 15ஆம் நூற்றாண்டு வரை, எகிப்தியக் கிறித்தவர்களின் கோப்டிக் எழுத்துகளோடு, பண்டைய சூடானின் மெரோயிடிக் எழுத்துமுறையிலிருந்து எடுத்த சில எழுத்துகளையும் சேர்த்து எழுதப்பட்டது. கஸ்ர் இப்ரிம் என்னும் பழைய நூபியக் கோட்டையூரில் கிடைத்த ஏடுகளில் கிறித்தவ விவிலிய வாசகங்கள் மட்டுமல்ல, நிலம் விற்ற பத்திரங்களும் கடிதங்களும் இருக்கின்றன. ஆப்பிரிக்காவில் இவ்வளவு பழைய எழுத்துச் சான்றுள்ள மொழிகள் மிகக் குறைவு. அப்படிப்பட்ட மொழியின் வழித்தோன்றலுக்கு எகிப்தின் அரசுப் பாடத்திட்டத்தில் இடமில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பழைய எழுத்துகளை இன்று மீண்டும் கற்றுக்கொடுப்பவர்கள் நூபிய ஆர்வலர்களே. அவ்வெழுத்துகள் 2005இல், உலக எழுத்துகளைக் கணினியில் கையாள்வதற்கான பொதுத் தரமான யூனிகோடிலும் சேர்ந்துவிட்டன. கணினி இடம் கொடுத்த பிறகும் வகுப்பறை கொடுக்கவில்லை.

நூபியர்களைப் பத்தாண்டுக்குள் சொந்த நிலப்பகுதிக்குத் திரும்பச் செய்வதாக எகிப்தின் 2014ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம், 236ஆம் பிரிவில் உறுதியளித்தது. கெடு முடிந்துவிட்டது; உறுதி நிறைவேறவில்லை. அக்கம்பக்கமாக வாழும் ஊர்கள் இல்லாமல் வீட்டுக்குள் மட்டும் ஒரு மொழி எத்தனை தலைமுறை நிற்கும்?

அணை நீர் சூழுமுன் அங்கே அகழாய்வு செய்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. பி.பி.லால் தலைமையில் நம் தொல்லியல் குழு அஃபியே என்னும் இடத்தில் பணியாற்றியது. நூபியர்களைப் பற்றியும் அவர்களது மொழியைப் பற்றியும் தங்கள் இதழில் ஒரு தனிக் கட்டுரை வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தஞ்சாவூர்.