குடைக்காம்பில் ஒரு தலைக்கோல்

வடசேரி
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நாங்கள் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. கோல் முடிந்துவிட்டது மக்களே. இன்று சாயங்காலம் கடைசிப் பவளத்தையும் உட்கார வைத்துவிட்டேன். சாமி மாடத்துப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறோம். அம்மா அதற்கும் சேர்த்தே விளக்கேற்றினாள். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

உன் மாணவியின் அரங்கேற்றத்துக்குத் தலைக்கோல், ஆடுமுன் அரங்கில் வைத்துக் கும்பிடும் அந்த மணி பதித்த கோல், வேண்டும் என்று நீ கேட்டபோது நான் உடனே சரி என்றேன். தலைசாமான், ராக்கொடி, ஒட்டியாணம் என்று நாட்டிய நகை செய்தே நாற்பது வருஷம் ஓடிவிட்டது, ஒரு கோல் பெரிய வேலையா என்று நினைத்தேன். கடையில் நல்ல மூங்கிலாகப் பார்த்து வாங்கி, வெள்ளித் தகடு சுற்றி, தங்க முலாமும் பூசியாயிற்று. பங்குனி வெயில் ஏறியதும் ஒருநாள் ராத்திரி பட்டென்று சத்தம். காலையில் பார்த்தால் மேல் கணுவிலிருந்து கீழ்க் கணு வரை மூங்கில் நேராகப் பிளந்து, தகடும் வாயைத் திறந்து கிடந்தது. இரண்டு மாத வேலை. அன்றைக்கு நான் பட்டறைக்கே போகவில்லை.

அப்புறம்தான் நீ விட்டுப்போன சிலப்பதிகாரத்தை எடுத்து, மாதவி முதன்முதலாக ஆடும் அரங்கேற்று காதையை வரிவரியாகப் படித்தேன். தோற்ற மன்னனிடமிருந்து பிடித்து வந்த வெண்கொற்றக் குடையின் காம்பை எடுத்து, கணுக்களில் நவமணி பதித்து, கணுவுக்குக் கணு நடுவே சாம்பூநதம் என்ற உயர்ந்த பொன்னில் தகடு கட்டி, அதை இந்திரன் மகன் சயந்தனாகவே நினைத்துக் கும்பிட வேண்டும் என்று இருக்கிறது. முன்பும் படித்ததுதான், ஆனால் அப்போதெல்லாம் வெற்றிப் பெருமை ஒன்றுதான் கண்ணில் பட்டது. கோல் பிளந்த பிறகு படித்தபோது 'காம்பு' என்ற சொல்லில் நின்றுவிட்டேன். ஒரு குடைக்காம்பு எத்தனை வருஷம் வெயிலும் மழையும் கண்டிருக்கும்! அது சுருங்க வேண்டியதெல்லாம் எப்போதோ சுருங்கி முடிந்திருக்கும். கல்லை ஏன் கணுவில் வைத்தார்கள் என்பதும் விளங்கிற்று. மூங்கிலுக்குக் கணுவில் உள்ளே குறுக்குச் சுவர் உண்டு, பிளவு பெரும்பாலும் அங்கே வந்து நின்றுவிடும். நடுவில் தகடு, கணுவில் மணி என்று எழுதிய இளங்கோவடிகள் ஏதோ ஒரு பட்டறையில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும் என்றே எனக்குப் படுகிறது. 1892இல் உ.வே.சாமிநாதையர் இதை அச்சில் கொண்டுவராமல் போயிருந்தால் என் போன்றவன் கையில் இது எப்படி வந்திருக்கும், சொல்.

நம் தெருக் கோயிலில் ஒரு பழைய முத்துக்குடை கிடந்தது, உனக்கு ஞாபகம் இருக்கும். துணி இற்றுப் போய்ப் புதுக்குடை வாங்கிவிட்டார்கள். காம்பை மட்டும் கேட்டேன், கொடுத்தார்கள். சாமிக்கு மேலே பிடித்த குடை. எந்த ராஜாவும் தோற்க வேண்டியிருக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

காம்பை என் கையால் ஏழு சாணுக்கு அறுத்தேன். ஐந்து கணு வந்தது. மூங்கிலின் மேல் ஊதுகுழல் பிடித்தால் கருகிவிடும், அதனால் தகட்டைப் பற்ற வைக்காமல் சுற்றி, விளிம்பை மடித்துத் தட்டி, அடியில் அரக்கு விட்டிருக்கிறேன். கணுவில் துளை போடவே இல்லை. ஒவ்வொரு கணுவுக்கும் இரண்டு அரைவளையம் செய்து திருகாணியால் பூட்டியிருக்கிறேன். டொராண்டோ குளிரில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடினால் காற்று காய்ந்துவிடும் என்றாயே, வளையம் தளர்ந்தால் திருகாணியைக் கால் சுற்று திருப்பு, போதும். இறுக்கிவிடாதே.

கீழ் நாலு வளையத்தில் கெம்பும் படிகமும் மாறி மாறி. மேல் வளையத்தில் மட்டும் ஒன்பதும்: மாணிக்கம், முத்து, பவளம், மரகதம், புஷ்பராகம், நீலம், கோமேதகம், வைடூரியம், வைரத்தின் இடத்தில் வெள்ளைப் படிகம். வைரம் வாங்க முடியாமல் இல்லை, உன் அம்மா மூக்குத்தியையே கழற்றித் தந்தாள். நான்தான் வேண்டாம் என்றேன். மேடை வெளிச்சத்தில் அத்தனை சின்ன வைரம் தெரியாது. பட்டாணி அளவுப் படிகம் கடைசி வரிசைக்கும் மின்னும். மாணிக்கம் சபையைப் பார்த்து இருக்கட்டும். அந்த இடத்துக்கு நேர் பின்னால் வளையத்தில் ஒரு சின்னக் கோடு கீறியிருக்கிறேன், இருட்டிலும் விரலால் தடவிப் பார்த்து நிறுத்தலாம்.

முத்தும் பவளமும் சூடு தாங்காது. மற்ற கல்லெல்லாம் பதித்த பிறகு, கும்முட்டியில் அரக்கைத் தேன் பதத்துக்கு இளக்கி, கொஞ்சம் ஆறவிட்டு, சாமணத்தில் முத்தைப் பிடித்து வைத்தேன். கை லேசாக நடுங்குகிறது இப்போதெல்லாம். மூச்சை அடக்கிக்கொண்டு வைத்தேன், ஒரே தடவையில் நேராக உட்கார்ந்தது. பவளம் இரண்டாம் தடவை. துடைக்கும்போது புளி, எலுமிச்சை கிட்டவே போகாதே, முத்தும் பவளமும் கெட்டுவிடும். ஈரத்துணி போதும்.

காதையில் பொற்குடத்து நன்னீரில் கோலை நீராட்டி, மாலை சூட்டி, பட்டத்து யானையின் கையில் கொடுத்து, அரசனும் அவன் சபையான ஐம்பெருங்குழுவும் தேரை வலம்வந்து, தேர்மேல் நிற்கும் கவிஞன் கையில் தருவார்கள். ஊர்வலம் போய் அரங்கில் முன்னால் வைப்பார்கள். நீ தண்ணீரைத் தெளித்தால் போதும், முக்காதே. யானைக்கு அங்கே எங்கே போவது! அந்தப் பெண்ணின் பாட்டி வந்திருப்பாள் இல்லையா, அவள் கையில் கொடுத்து மேடைக்குக் கொண்டுவரச் சொல்.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழு வருஷம் படித்து 12 வயதில் மேடை ஏறினாள். நீ மேடை ஏறியபோது உனக்கும் அதே வயது. உன் அரங்கேற்றத்துக்குத் தலை முதல் இடுப்பு வரை நகை செய்தேன், கோல் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இந்தக் கோலின் அடிப்பக்கம், தகட்டுக்கு உள்ளே, மூங்கிலில் உன் பெயரைத்தான் வெட்டியிருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடு, அவள் வருத்தப்பட மாட்டாள். அவளுக்கு அடுத்தவளுக்கும் இதே கோல்தானே.

சித்திரையில் வரும்போது நீயே கையில் எடுத்துப் போ, பார்சல் வேண்டாம். அங்கே விமான நிலையத்தில் மூங்கில் என்று மறைக்காமல் எழுதிக் கொடு. அப்புறம், கோல் நிற்க ஒரு தேக்குப் பீடம் செய்யப் போகிறேன். மேடையில் தரை மரமா, சிமென்டா? உடனே எழுது.

அப்பா