விரல் போனவங்களுக்கு மனசு டாக்டரையும் காட்டுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். எங்களுக்கு ஆரம்பாக்கம். ஒரு பக்கம் தடா தாண்டுனா ஆந்திரா கம்பெனிங்க, இந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட், விடியகாலைல இருந்து ஷிப்ட் பஸ் ஓடிட்டே இருக்கும், இரும்புத் தகட்ட அழுத்தி வெட்டுற பிரஸ் ஷாப்ல விரல விட்டவங்க எங்க தெருவுலயே இருக்காங்க.

என் மச்சானுக்கு பவர் பிரஸ்ல கட்டை விரல் போச்சு (புரொடக்‌ஷன் வேணும்னு கை உள்ள போனா மெஷின நிறுத்துற சென்சார ஆஃப் பண்ணிட்டு ஓட்டுறது தனி கதை, அதுக்கு இன்னொரு லெட்டர் எழுதணும்). ஆபரேஷன், டிரெஸ்ஸிங், ஈஎஸ்ஐ லீவு பணம்லாம் ஒழுங்காதான் வந்துச்சு, குறை சொல்ல மாட்டேன். கட்டை விரலுக்கு சட்டத்து அட்டவணைப்படி சம்பாதிக்கிற திறன்ல 30 சதவீதம் போச்சுனு போட்டுக் குடுத்தாங்க. ஆனா அவன் ராத்திரில திடுக்குனு கைய இழுத்துக்கிட்டு எந்திரிக்கிறான், வீட்ல மிக்ஸி போட்டா வெளிய ஓடிடுறான், புள்ளைங்க மேல எரிஞ்சு விழுறான், சாயங்காலம் ஆனா குவாட்டர், இதையெல்லாம் எந்த அட்டவணையில தேடுறது? அத்தனை வாட்டி ஆஸ்பத்திரிக்குப் போனோம், தூக்கம் வருதாப்பானு ஒருத்தர் கூட கேக்கல. புண்ணு ஆறிடுச்சு, வேலைக்குப் போலாம்னு ஃபிட்னஸ் சர்டிபிகேட் குடுத்துட்டாங்க, கம்பெனில திரும்பவும் அதே லைன்ல நிக்க வச்சாங்க, பிரஸ் இறங்குற சத்தத்துக்கே கை நடுங்கி வேலைய விட்டுட்டான். சூப்பர்வைசர் நடிக்கிறான்னாரு, சொந்தக்காரங்க பெரியபாளையத்துல வேண்டிக்கோனாங்க. கோயிலுக்குப் போறது நல்லதுதான், கூடவே டாக்டரும் வேணும்ல. கடைசில சென்னைல ஒரு மனநல டாக்டர்தான் இது பிடிஎஸ்டி, விபத்து முடிஞ்சாலும் மூளை இன்னும் ஆபத்துலயே இருக்கிற மாதிரி நினைச்சிட்டிருக்கு, பேசிப் பேசியே சரி பண்ணலாம், தேவைப்பட்டா மாத்திரையும் உண்டுனு சொன்னாரு. இப்ப பரவால்ல.

ஐஎல்ஓ, அதான் சர்வதேச தொழிலாளர் அமைப்பு, 2010-லயே தொழில்ல வர்ற நோய் லிஸ்ட்ல பிடிஎஸ்டிய சேத்துடுச்சு. நம்ம சட்டத்து லிஸ்ட்ல ஈயம் இருக்கு, சிலிக்கா தூசி இருக்கு, மனசு சம்பந்தமா ஒண்ணும் இல்ல. 2017 மனநலச் சட்டம் உடம்பு நோயாளிய எப்படி பாக்குறோமோ அப்படியே மனசு நோயாளியையும் பாக்கணும்னு சொல்லுது, ஆனா அது ஃபிட்னஸ் குடுக்கிற மேஜைக்கு இன்னும் வந்து சேரல.

கை கால் அடிபட்டவனுக்கு ஃபிட்னஸ் குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு மனநல செக்கப் கட்டாயம் ஆக்குங்க, கொஞ்ச மாசத்துக்கு வேற லைன் குடுக்கச் சொல்லுங்க, கான்ட்ராக்ட் ஆளுங்களையும் சேத்துதான். பார்டர்ல இருக்கிற எங்களுக்கு இன்னொரு கஷ்டம், அந்தப் பக்கம் வேலை பாக்குறவனுக்கு ஷிப்ட், சம்பளம் பத்தி பேசுற அளவுக்கு தெலுங்கு வரும், உள்ள இருக்கிற பயத்த தெலுங்குல சொல்ல வராது. 2022-ல மத்திய அரசு ஆரம்பிச்ச டெலி மானஸ்ங்கிற மனநல ஹெல்ப்லைன் 14416-க்கு காசில்லாம எந்நேரமும் பேசலாம், தமிழும் இருக்கு. இந்த நம்பர ஒவ்வொரு பிரஸ் ஷாப்லயும் தமிழ், தெலுங்கு, இந்தினு மூணுலயும் பெருசா எழுதி ஒட்டச் சொல்லி உங்க பேப்பர்ல போடுங்க, ரெண்டு ஸ்டேட் லேபர் ஆபீசரும் பாக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஆரம்பாக்கம்