வீட்டுப் பந்தல்ல பன்னீர் திராட்சை

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

மாடித்தோட்டம்னாலே தக்காளி, கத்திரியையே திருப்பித் திருப்பிப் போடுறீங்க, திராட்சையைப் பத்தியும் ஒருவாட்டி எழுதுங்களேன். எங்க கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023லயே புவிசார் குறியீடு கெடச்சாச்சு, ஆனா ஊர்க்காரங்களே வீட்ல ஒரு கொடி வைக்க யோசிக்கிறாங்க. முத்துன குச்சியில மூணு நாலு கணு இருக்க மாதிரி வெட்டி நட்டா வேர் பிடிச்சிரும், நல்ல வெயிலும் பந்தலும் வேணும், அப்புறம் கவாத்து (கொடியை வெட்டி விடுறது), அங்கதான் எல்லாரும் கோட்டை விடுறோம், பாவம் பாத்து வெட்டாம விட்டா எலையா தழைக்குமே தவிர கொத்து சரியா வராது (நான் மூணு வருஷம் அப்படித்தான் ஏமாந்தேன்).

பழம் மட்டுமில்ல சார், கொழுந்து எலையை வெந்நீர்ல போட்டெடுத்து உள்ள அரிசி, வெங்காயம் வச்சு சுருட்டி வேகவைக்கிறது துருக்கி, கிரீஸ் பக்கம் பேர் போன சாப்பாடு. மருந்தடிச்ச எலைன்னா தொடாதீங்க. மலச்சிக்கலுக்கு உலர் திராட்சையை ராத்திரி ஊறவச்சு காலையில அந்தத் தண்ணியோட சாப்பிடுறது எங்க அம்மாச்சி வைத்தியம், சுகர் இருக்கவங்க டாக்டரைக் கேட்டுக்கங்க. வீட்ல நாய் இருந்தா ஒரு பழம்கூடப் போட்றாதீங்க, கிட்னியைப் பாதிக்கும்.

கவாத்து எப்ப, எப்படின்னு படத்தோட ஒரு பக்கம் போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தேனி மாவட்டம்