அரை டம்ளர் டீ

ஆசிரியருக்கு வணக்கம்.

குடிநோய் ஆலோசகர்கள் உள்கிராமங்களுக்கு வருவதே இல்லை என்று சென்ற இதழில் ஒரு வாசகர் வருத்தப்பட்டிருந்தார். அப்படி வந்த ஒருவரை எனக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மன்னார்குடியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஆலோசகரைக் கவுன்சிலர் என்று சொன்னால், இங்கே ஒன்றியக் கவுன்சிலர் என்றுதான் நினைப்பார்கள். அதனால் இவரை 'முகாம் சார்' என்போம். வியாழன்தோறும் இரண்டு பஸ் மாறி வருவார். முதல் தடவை வீட்டுக்கு வந்த காலையில் அண்ணனுக்குக் கை கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. அண்ணி டீ போடப் போனார். "எங்க ரெண்டு பேருக்கும் அரை டம்ளர் போதும்மா" என்றார் சார். அண்ணன் ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் குடித்தார். சார் போன பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது.

குடியை நிறுத்தும் சிகிச்சை முகாமுக்குப் போய் வந்து ஐந்து மாதம் நன்றாக இருந்த அண்ணன், ஒரு துக்க வீட்டில் மறுபடி குடித்துவிட்டார். வீட்டில் ஒருவரும் அவரோடு பேசவில்லை. சார் வந்து, "சாப்டீங்களா அண்ணே?" என்றுதான் ஆரம்பித்தார். இது நோய், திரும்ப வரும், மறுபடி வைத்தியம் பார்க்க வேண்டியதுதான் என்றார்.

எதற்காக இவ்வளவு அலைகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "நானும் குடிச்சவன்தான்மா. விட்டுப் பதினோரு வருஷமாச்சு. என்னையும் ஒருத்தர் வீடு தேடி வந்து கூட்டிட்டுப் போனார்" என்றார். அப்புறம், "பஸ்ஸை விட்டு இறங்கும்போதே உங்க அண்ணன் வயலுக்குப் போறதைப் பார்க்கிறேன். டவுன்ல உட்கார்ந்திருந்தா இது தெரியுமா?" என்றார்.

இப்படி ஊர் தேடி வருவது எங்கள் மாவட்டத்துக்குப் புதிதல்ல. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் குடிநோய்க்கென்றே ஒரு மருத்துவமனை தொடங்கினார். அங்கிருந்து மஞ்சக்குடிக்கு வந்து முகாம் போட்டார்கள். பட்டவர்கள்தான் இந்த வேலைக்கு வருகிறார்கள், பட்டதனால்தான் நிற்கிறார்கள். ஆனால் 'சேவை மனப்பான்மை' என்று சொல்லியே அவர்களுக்குச் சம்பளம் தராமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது என்று 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட எய்ம்ஸ் அறிக்கையே சொல்கிறது. சாராயக் கடைக்கு ஆள் போடும் அரசு, ஒன்றியத்துக்கு ஒரு ஆலோசகரை நிரந்தரமாகப் போடக் கூடாதா?

ஆறு மாதமாகச் சம்பளம் வராமல் சார் போன சித்திரையோடு நின்றுவிட்டார். மகள் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டுமே, அவரும் என்ன செய்வார். போன வாரம் கீழத்தெருவிலிருந்து ஒரு பெண், கைக்குழந்தையோடு வந்து, அந்த சார் எந்த வியாழக்கிழமை வருவார் என்று அண்ணியிடம் கேட்டாள். உட்காரச் சொல்லி டீ கொடுத்தோம். பதில்தான் சொல்ல முடியவில்லை.

– ஒரு வாசகி, மன்னார்குடி வட்டம்