நிறுத்தச் சொல்வதற்கு முன்னால், டீச்சர்

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு, தலைமையாசிரியர்களுக்கு, அப்புறம் பகல் முழுக்கப் பிள்ளைகள் கூடவே இருக்கிற ஆயாம்மாக்களுக்கு, வணக்கம்.

என் மகளுக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்பை முடிக்கப் போகிறாள். ஆட்டிசம் என்று மூன்றரை வயதில் தெரிந்தது. பேச்சு கொஞ்சம்தான், ஆனால் நாம் பேசுவது பெரும்பாலும் அவளுக்குப் புரியும். அவள் ஜன்னல் கம்பியை நக்குவாள். புது நோட்டு கொடுத்தால் எழுதுவதற்கு முன்னால் நடுப்பக்கத்தைப் பிரித்து மூக்கை வைத்து நன்றாக இழுத்துக்கொள்வாள். பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் தலையை மோந்து பார்ப்பாள், அந்தப் பிள்ளை மல்லிகைப்பூ வைத்திருந்தால் விடவே மாட்டாள். சட்டைக் காலர் எப்போதும் ஈரமாக இருக்கும். சடை நுனி வாயில் இருக்கும்.

இதைப் பார்த்து உங்களுக்கு முகம் சுளித்தால் நான் கோபப்பட மாட்டேன். பெற்ற எனக்கே சுளித்திருக்கிறது. பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியை அவள் நக்கியபோது பக்கத்தில் இருந்த அம்மா "ச்சீ, பொம்பளப் பிள்ள செய்ற வேலையா இது" என்றார். நான் அவள் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். அந்த அடி அவளுக்காக விழுந்ததில்லை, அந்த அம்மாவுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் விழுந்தது. அந்தப் பதிலைத்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

இதற்கு முன் அவள் படித்த பள்ளியில் இருந்து ஒரு நாள் மதியம் போன் வந்தது. "எல்லாத்தையும் நக்குறா, மத்த பேரன்ட்ஸ் கம்ப்ளெயின்ட் பண்றாங்க, இதை நிறுத்திட்டு அப்புறம் கூட்டிட்டு வாங்க" என்றார்கள். நான் போனபோது வகுப்புக்கு வெளியே வராந்தாவில், வாயைச் சுற்றிக் கைக்குட்டை கட்டி அவளை உட்கார வைத்திருந்தார்கள். அவள் அந்தக் கைக்குட்டையை உள்பக்கமாக மென்றுகொண்டிருந்தாள். வகுப்பில் இருந்து இரண்டு பிள்ளைகள் "நாய்க்குட்டி, நாய்க்குட்டி" என்று கூப்பிட்டார்கள், யாரும் அதட்டவில்லை. அன்றைக்கு நான் ஒன்றும் பேசாமல் அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் நாங்களும் நிறுத்தத்தான் பார்த்தோம். விரல் சூப்புகிற பிள்ளைக்குச் செய்வதுபோல அவள் அத்தை விரலிலும் சடை நுனியிலும் வேப்பெண்ணெய் தடவினார். நாலு நாளில் நக்குவது குறைந்தது. ஐந்தாவது நாள் மணிக்கட்டைக் கடிக்க ஆரம்பித்தாள், பல் பதிகிற அளவுக்கு. தேவை அப்படியே இருக்கும்போது வழியை மட்டும் அடைத்தால் அது வேறு வழியில் வரும், பல சமயம் முன்னதைவிட மோசமான வழியில் வரும். இதை எனக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால் அந்தத் தழும்பு இருந்திருக்காது.

சரி, அது என்ன தேவை? ஒன்றாம் வகுப்பில் நீங்கள் ஐம்புலன் பாடம் நடத்துகிறீர்கள். அந்த ஐந்து போக, தசையும் மூட்டும் மூளைக்குச் சொல்கிற செய்தியும் ஒன்று உண்டு. கை எங்கே இருக்கிறது, எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறோம் என்பதெல்லாம் அதனால்தான் நமக்குத் தெரிகிறது. தாடைத் தசை பலமானது, கடிக்கும்போது அங்கிருந்து போகும் செய்தியும் பலமாக இருக்கும். பரீட்சை ஹாலில் பென்சிலைக் கடிக்கிற பிள்ளைகளை நீங்கள் வருஷா வருஷம் பார்க்கிறீர்கள், அவர்களுக்கும் அது ஒரு பிடிமானம்தான். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குப் புலன் செய்திகள் வந்து சேரும் அளவு வேறு மாதிரி இருக்கிறது. சிலது மிக மெலிதாகத்தான் வரும், அதனால் இன்னும் வேண்டும் என்று தேடுவார்கள். சிலது தாங்க முடியாத பலத்தில் வரும், அப்போது தனக்குத் தெரிந்த ஒரே ஒரு உணர்வைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் தள்ளிவைப்பார்கள். ஒரே பிள்ளைக்கு இரண்டும் இருக்கலாம், என் மகளுக்கு இருக்கிறது.

வாசனை இன்னும் தனி. மற்ற புலன்களின் செய்தி மூளைக்குள் தலாமஸ் என்கிற இடத்தில் நின்றுதான் மூளையின் மேல்பகுதிக்குப் போகிறது. வாசனை மட்டும் அங்கே நிற்காமல் உணர்ச்சியையும் நினைவையும் பார்த்துக்கொள்ளும் பகுதிகளுக்கு நேராகப் போய்விடுகிறது. இது நமக்குப் புதிதும் இல்லை. வெளியூரில் இருந்து வரும் பேரனை உச்சி முகர்ந்துதான் நம் பாட்டிகள் வரவேற்றார்கள். பிள்ளையை ஏன் மோந்து பார்க்கிறாய் என்று எந்தப் பாட்டியையும் யாரும் கேட்டதில்லை. என் மகள் ஒருவரை மோந்து பார்ப்பது, நீ யார், உன் பக்கத்தில் நான் உட்காரலாமா என்று கேட்பது. வாயால் கேட்க அவளுக்கு வராது.

இது நானாகச் சொல்லும் சமாதானம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற நோயறிதல் கையேட்டில்தான், புலன் தூண்டலுக்கு அதிகமாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவது ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக முதல்முறை சேர்க்கப்பட்டது. பொருட்களை அளவுக்கு மீறி மோந்து பார்ப்பதும் தொட்டுப் பார்ப்பதும் அங்கே உதாரணமாகவே இருக்கிறது. அதற்காக நக்குகிற பிள்ளை எல்லாம் ஆட்டிசம் பிள்ளை என்று வகுப்பில் பெயர் வைத்துவிடாதீர்கள், அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

எங்களுக்கு வழி காட்டியது நாற்பது ரூபாய்க்கு வாங்கிய எழுதும் நோட்டு ஒன்று. "நக்கினாள்னு மட்டும் எழுதாதீங்கம்மா, எதை, எத்தனை மணிக்கு, அதுக்கு முன்னாடி என்ன நடந்தது, எல்லாத்தையும் எழுதுங்க" என்று, அன்றாட வேலைகளைச் செய்யப் பிள்ளைகளைப் பழக்குகிற ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் சொன்னார். இரண்டு வாரம் எழுதினேன். ஜன்னல் கம்பி, எவர்சில்வர் தட்டு, கிரானைட் மேடை, பீரோக் கண்ணாடி. மரத்தை அவள் ஒரு தடவைகூட நக்கவில்லை, பிளாஸ்டிக்கையும் இல்லை. அவள் தேடியது குளிர்ச்சி. அதுவும் மிக்சி ஓடும்போது, குக்கர் விசில் அடிக்கும்போது, பள்ளியில் சாப்பாட்டு மணி அடித்துப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடும்போது. மோந்து பார்ப்பது புது ஆள், புது இடம், டைம்டேபிள் மாறின நாள். காலரைச் சப்புவது எழுதும்போது மட்டும். ஒரே கெட்ட பழக்கம் என்று இத்தனை வருஷம் நாங்கள் திட்டிக்கொண்டிருந்தது மூன்று தனித்தனி விஷயங்கள், மூன்றுக்கும் காரணம் வேறு. நோட்டைப் பார்த்துக்கொண்டு நான் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் ஒவ்வொன்றுக்கும் பதிலுக்கு ஒன்று கொடுத்தோம். குளிர்ச்சிக்கு எவர்சில்வர் பாட்டிலில் குளிர்ந்த தண்ணீர், வாயிலும் கன்னத்திலும் வைத்துக்கொள்ளலாம். சாப்பாட்டு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால் ஆயாம்மா அவளை வராந்தா ஓரத்துக்கு அழைத்துப் போகிறார். இதுவும் வராந்தாதான், ஆனால் இந்தப் பள்ளியில் அது தண்டனை இல்லை. எழுதும் பாடத்துக்கு முன் ஒரு கேரட் துண்டு அல்லது கெட்டியான முறுக்கு, எழுதும்போது கழுத்தில் தொங்குகிற, மெல்லுவதற்கென்றே செய்த சிலிக்கோன் துண்டு. தினமும் கழுவ வேண்டும், பிய்ந்தால் உடனே மாற்ற வேண்டும். மோப்பத்துக்குச் சின்னத் துணியில் இறுக்கித் தைத்த ஓமப் பொட்டலம். சளிக்குக் கட்டுவோமே, அதேதான். எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை. ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஊஞ்சலிலும் பிரஷ்ஷிலும் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிற இடங்களும் இருக்கின்றன. இதைப் புலன் ஒருங்கிணைப்பு சிகிச்சை என்கிறார்கள். அதற்கு இருக்கும் ஆதாரம் குறைவு, இதைப் பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பே 2012இல் சொல்லியிருக்கிறது. நான் செய்ததையும் சிகிச்சை என்று சொல்ல மாட்டேன். ஆடி மாதம் தெருவில் ஸ்பீக்கர் கட்டினால் அவள் இன்றும் கம்பியைத்தான் தேடிப் போகிறாள். ஆனால் மணிக்கட்டைக் கடித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அபாயம் உள்ளதை அபாயமாகவே பாருங்கள், அதில் நான் சலுகை கேட்கவில்லை. நக்குகிற, மோந்து பார்க்கிற பிள்ளை இருக்கும் பள்ளியில் கழிப்பறையில் அந்துருண்டை போட வேண்டாம், பெனாயிலையும் ஆசிட்டையும் பூட்டி வையுங்கள். அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன் உள்ளே போனால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையலாம். கற்பூரத்தை விழுங்கினால் வலிப்பு வரலாம், வாசனைக்குக்கூட அதைக் கையில் கொடுக்காதீர்கள். பழைய ஜன்னல், பழைய கேட்டில் உரிந்து நிற்கும் பெயிண்டைப் பாருங்கள். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல், அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல், இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்டில் எவ்வளவு இருக்கும் என்று சொல்ல முடியாது, ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. முடியை மென்று விழுங்குகிற பிள்ளைக்கு அது வயிற்றில் உருண்டையாகச் சேர்ந்து ஆபரேஷன் வரை போகலாம், அதனால்தான் என் மகளுக்கு இப்போது சடையை மடித்துக் கட்டிவிடுகிறேன். மண், சுண்ணாம்பு, சாக்பீஸ், காகிதம் என்று சாப்பிடக் கூடாததை விழுங்குவது நக்குவதில் இருந்து வேறானது, அதற்குப் பைக்கா என்று பெயர். அப்படிப் பார்த்தால் பெற்றோரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள், இரும்புச்சத்தும் ஈயமும் இரண்டும் பார்க்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. அதனால் மண் தின்கிற பிள்ளை என்றதும் ஆட்டிசம் என்று முடிவுகட்டி ரத்தத்தைப் பார்க்காமல் விடுவதும் தப்பு, ஏற்கெனவே ஆட்டிசம் உள்ள பிள்ளைதானே என்று விடுவதும் தப்பு.

மற்ற பிள்ளைகளையும் நான் மறக்கவில்லை. என் மகள் தலையை மோந்து பார்ப்பது பிடிக்காத பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்ல முழு உரிமை உண்டு. எட்டு வயதில் சிரித்துக்கொண்டு விடுவதைப் பதினான்கு வயதில் யாரும் விட மாட்டார்கள், அதை நினைத்து எனக்குத் தூக்கம் வராத ராத்திரிகள் உண்டு. அதனால் தலையை விட்டுவிட்டு உள்ளங்கையை மோந்து பார்க்கவும், அதற்கும் முன்னால் கையை நீட்டிக் காத்திருக்கவும் பழக்குகிறோம். வேண்டாம் என்றால் ஓமப் பொட்டலம். இப்போதைய வகுப்பில் ஒரு பிள்ளை தினமும் காலையில் வந்ததும் தானாகவே உள்ளங்கையை நீட்டிவிட்டுத்தான் பையை வைக்கிறாள். அவளுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. டீச்சர் செய்ததைப் பார்த்துச் செய்கிறாள்.

சட்டத்தைச் சொல்லி யாரையும் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை, ஆனால் கைக்குட்டை கட்டுகிற இடத்தில் சொல்லித்தான் ஆக வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 குறிப்பிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அரசு நிதி பெறும் பள்ளியோ அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியோ, பாகுபாடு இல்லாமல் சேர்த்துக்கொண்டு பிள்ளைக்குத் தேவையான வசதியைச் செய்து தர வேண்டும் என்கிறது அதன் 16ஆவது பிரிவு. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆவது பிரிவு அடிப்பதை மட்டும் தடை செய்யவில்லை, மனதை வதைப்பதையும் தடை செய்கிறது. "நிறுத்திட்டுக் கூட்டிட்டு வாங்க" என்பது இந்த இரண்டிலும் எங்கேயும் இல்லை. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நீங்கள் படும் பாடும் எனக்குத் தெரியும், தனியாக எல்லாம் செய்யுங்கள் என்று சொல்லவில்லை. அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருக்கிறார், கூப்பிடுங்கள். தனியார் பள்ளி என்றால் எங்களைக் கூப்பிடுங்கள், நாங்கள் வந்து உட்காருகிறோம். திட்டுவதற்கு மட்டும் கூப்பிடாமல், "இன்னைக்கு எதுக்கு முன்னாடி நக்கினா தெரியுமா" என்று சொல்லக் கூப்பிடுங்கள்.

ஜூன் மாதம் அவள் நான்காம் வகுப்புக்கு வருகிறாள். டீச்சர் யார் என்று இன்னும் தெரியாது. அவள் பையின் முன் ஜிப்பில் அந்த நோட்டின் நகலும் ஒரு ஓமப் பொட்டலமும் இருக்கும். நகல் உங்களுக்கு. பொட்டலத்தை அவளிடமே விட்டுவிடுங்கள். முதல் நாள் அவள் உங்கள் முன் வந்து கையை நீட்டிக்கொண்டு நிற்பாள், முடிந்தால் நீங்களும் உங்கள் கையைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா,
மதுரை